நாலு விரல் கீழே

லிஃப்ட் செய்து பொருத்தும் அந்தக் கம்பெனியில் ஒரு லிஃப்ட்டை ஒப்படைக்கும்போது ஒரு தாளில் மூன்று பேர் கையெழுத்துப் போடுவார்கள். கட்டிடத்துக்கு ஒருவர், இயந்திரத்துக்கு ஒருவர், மின்சாரத்துக்கு ஒருவர். எந்த மாடியில் நிற்பது, கதவை எப்போது திறப்பது என்று லிஃப்ட்டுக்குச் சொல்கிற புரோகிராமை எழுதுகிறவர்களுக்கு அந்தத் தாளில் இடம் கிடையாது. அவர்கள் யாரும் கேட்டதும் இல்லை.

ஒரு திங்கட்கிழமை காலை மயில்சாமிக்கு அது உறுத்தத் தொடங்கியது.

டீ நேரத்தில் சென்னியப்பன்தான் ஆரம்பித்தான். இயந்திரக் கட்டத்தில் கையெழுத்துப் போடுகிறவன் அவன். இருவரும் முன்பு நூற்பு இயந்திரம் செய்யும் கம்பெனி ஒன்றில் இருபது வருடம் பக்கத்துப் பக்கத்து மேஜையில் இருந்தவர்கள்.

"மயிலு அப்பெல்லாம் இன்ஜினியருங்க" என்று புதிதாகச் சேர்ந்தவர்களிடம் சொன்னான் சென்னியப்பன். "இப்ப டைப் அடிக்கப் போயிட்டான்."

எல்லோரும் சிரித்தார்கள். மயில்சாமியும் சிரித்தான். அதன் பிறகு டீயைக் குடிக்கத் தோன்றவில்லை. டம்ளரை வைத்துவிட்டு மாடிக்குப் போனான்.

மாடியில் பிலோமினா சோதனைப் பலகைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். பழைய கம்பெனி மூடியபோது சனிக்கிழமை வகுப்பு நடத்தி மயில்சாமிக்குப் புரோகிராம் எழுதச் சொல்லிக்கொடுத்தவர் அவர். பிறகு இந்த வேலைக்குக் கூட்டிவந்தவரும் அவர்தான். மயில்சாமிக்கு நாற்பத்தொன்பது, அவருக்கு முப்பத்தெட்டு. முதல் நாள் வகுப்பில், "அண்ணா, மௌஸுக்கு ஸ்பேனர் புடிக்கற பலம் வேண்டாங்" என்று சொன்னவர். இத்தனை வருடம் கழித்தும் மயில்சாமி அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறான்.

"டீச்சர், ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்ண்ணா."

"நாம செய்யறது இன்ஜினியரிங்தானா?"

பிலோமினா பலகையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மாடிக்கு ஒன்றாக ஐந்து சிறு விளக்குகள் அதில் மாறி மாறி எரிந்துகொண்டிருந்தன.

"லிஃப்ட்டோட கயிறு எத்தனை தாங்குமுங்ண்ணா?"

"கேபின் எடை, ஆளுங்க எடை எல்லாம் சேர்த்து, அதப்போல பன்னண்டு மடங்கு." தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான்.

"நீங்க எழுதினது?"

"எதுங்க?"

"புரோகிராம். அது எத்தனை மடங்கு?"

மயில்சாமி நின்ற இடத்திலேயே காலை மாற்றிக்கொண்டான்.

"அதென்ன கயிறுங்களா டீச்சர், மடங்கு சொல்ல? கயிறு தேயும், போல்ட் துருப்பிடிக்கும். புரோகிராம் தேயாது. நேத்து ரெண்டாம் மாடின்னு சொன்னா இன்னிக்கும் ரெண்டாம் மாடிதான். சொல்லப்போனா அவங்களோடதவிட நம்மளோடதுதான் உறுதி."

"அப்படிங்களா?"

"அப்பறமென்னங்க?"

"அப்பத் தாள்ல கட்டம் கேளுங்ண்ணா" என்றார் பிலோமினா. "தேயாததுக்குக் கையெழுத்துப் போட என்ன பயம்?"

அந்த வேகத்திலேயே கீழே இறங்கினான். சென்னியப்பன் கயிறு சுற்றிய சக்கரத்தை விளக்கடித்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சென்னி, பிரசவ ஆஸ்பத்திரி லிஃப்ட்ட வியாழக்கிழமை ஒப்படைக்கறமில்ல, அந்தத் தாள்ல எங்களுக்கும் ஒரு கட்டம் வேணும்."

"எதுக்கப்பா?"

"நாங்களும் கையெழுத்துப் போடறதுக்கு."

சென்னியப்பன் விளக்கை அணைத்தான். "போடலாம். பெயின்ட் அடிச்சவனுக்கு ஒண்ணு, கண்ணாடி ஒட்டினவனுக்கு ஒண்ணு, உனக்கு ஒண்ணு. தாளு பத்தாதப்பா, போஸ்டர் அடிக்கணும்."

"வெளையாடாத. அந்த கேபின் எங்க நிக்கணும்னு சொல்றது யாரு? உன் சக்கரமா?"

மயில்சாமியின் குரல் உயர்ந்ததில் பக்கத்தில் வேலை செய்துகொண்டிருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். சென்னியப்பன் கையைத் துடைத்துக்கொண்டு மேஜைக்குப் போய் அந்தத் தாளை எடுத்தான். இரும்பு ஸ்கேலை வைத்து மூன்று கட்டங்களுக்குக் கீழே நான்காவது ஒன்று வரைந்தான். மற்றவற்றில் இருந்தது போலவே உள்ளே மூன்று கோடு போட்டான். சோதனை ஓட்டம் எத்தனை. கண்ட குறை. கையெழுத்து. ஓரத்தில் 'மென்பொருள்' என்று எழுதினான்.

"இந்தா. வந்து சரிசமமா உக்காரு." பேனாவை மூடினான். "ஒண்ணு மட்டும் சொல்லிடறேன் மயிலு. கயிறு அறுந்தா எனக்கு அணைச்சுப் போட்டா சரியாப் போறதில்ல. உங்க கூட்டத்துக்கு அது ஒரு வசதி."

மயில்சாமி சிரிக்கப் பார்த்தான். வரவில்லை.

தானும் அப்படி அணைத்துப் போட்டது நினைவுக்கு வந்தது. பதினேழு நாளுக்கு முன்னால் அந்த ஆஸ்பத்திரியில் லிஃப்ட்டை அவன் தனியாக ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டாம் மாடியில் கதவு திறந்தது. வெளியே காலை வைக்கப் போனவன் இடறினான். கேபினின் தரை, மாடியின் தரையைவிட நாலு விரல் கீழே நின்றிருந்தது. அவன் சுவிட்ச் பெட்டிக்குப் போய் லிஃப்ட்டை அணைத்தான். பத்து வரை எண்ணிவிட்டுத் திரும்பப் போட்டான். லிஃப்ட் தரைத்தளம்வரை இறங்கி, மறுபடி ஏறி வந்து, ஒரு நூலிழை பிசகாமல் நின்றது. நோட்டில் தேதி, நேரம் எழுதி, 'மறுதொடக்கம் செய்தேன், சரியாகிவிட்டது' என்று எழுதிவைத்தான். அதன் பிறகு அறுநூற்றுப் பதினாலு தடவை ஓட்டியாகிவிட்டது. ஒரு தடவைகூட அது திரும்ப வரவில்லை. மறந்தும் போயிருந்தான்.

அன்று சாயங்காலம் வீட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். மனைவி இரண்டு தடவை என்ன என்று கேட்டாள். படுக்கையில் நாலு விரலைச் சேர்த்து வைத்து அளந்தான். நாலு விரல் என்றால் சின்ன அளவுதான். ஸ்ட்ரெச்சர் சக்கரத்துக்கு அது சின்ன அளவு இல்லை.

செவ்வாய்க்கிழமை பிலோமினா செருப்பைக் கழற்றுவதற்குள் அவர் மேஜைக்கு முன்னால் நின்றான். எல்லாவற்றையும் சொன்னான்.

"கையெழுத்துப் போடலாங்களா டீச்சர்?"

"ஏன் கீழ நின்னுச்சு?"

"தெரியலீங்க. ஆனா அறுநூத்திப் பதினாலு தடவ..."

"அது எனக்கும் கேட்டுச்சுங்ண்ணா." பையைக் கொக்கியில் மாட்டினார். "சென்னியப்பன் அண்ணன்கிட்ட ஒண்ணு கேட்டுட்டு வாங்க. ஒரு போல்ட் ஒருக்கா ஒடஞ்சுது. அப்பறம் அறுநூறு தடவ ஒடயல. அதுக்கு என்ன பேரு?"

"அவங்கிட்டயா? சிரிப்பானுங்க."

"சிரிக்கட்டும்."

சென்னியப்பன் சிரிக்கவில்லை. கேள்வியை இன்னொரு தடவை சொல்லச் சொன்னான்.

"பைத்தியம்னு பேரு" என்றான். "ஒடஞ்ச போல்ட் எப்படியப்பா அறுநூறு தடவ ஒடயாம இருக்கும்? ஒடஞ்சா ஒடஞ்சேதான் கெடக்கும். ரெண்டு துண்டையும் கையில எடுத்துப் பாப்பேன். விரிசல் எங்க ஆரம்பிச்சுதுன்னு அதுவே சொல்லும்." பிறகு மயில்சாமியின் முகத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான். "உங்குளுது அப்படி இல்லையா?"

"இல்ல."

"ஒடஞ்சுட்டு எந்திரிச்சு நடந்து போயிருமா?"

"ஆமா."

"கஷ்டந்தான்" என்றான் சென்னியப்பன். அதில் கேலி இல்லாததுதான் மயில்சாமியை இன்னும் கலக்கியது.

புதன்கிழமை காலை எட்டு மணிக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டான். ஞாயிற்றுக்கிழமை திறப்பு விழா. வாசலில் பந்தக்கால்கள் வந்து இறங்கியிருந்தன. மூன்றாம் மாடியில் பிரசவ வார்டு. தெருவுக்கு அந்தப்பக்கம் இருக்கும் பழைய கட்டிடத்தில் கூரை ஒழுகுவதால் எல்லோருக்கும் அவசரம்.

லிஃப்ட்டில் ஏறினான். இறங்கினான். கதவு மூடும்போது பொத்தானை அழுத்தினான். இரண்டு பொத்தானைச் சேர்த்து அழுத்தினான். உள்ளே குதித்துப் பார்த்தான். தண்ணீர்க் கேன்களை ஏற்றிப் பார்த்தான். எதற்கும் அது அசரவில்லை. ஒவ்வொரு மாடியிலும் குனிந்து விரலை வைத்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்ததில் இடுப்பு விட்டுப்போனது. லிஃப்ட் ஒழுங்காக நிற்க நிற்க அவனுக்கு ஆத்திரம் வந்தது. படியில் உட்கார்ந்தான். எழுந்தான். திரும்ப உட்கார்ந்து பழைய நோட்டை எடுத்தான்.

வெள்ளிக்கிழமை. பதினொன்று ஐந்து.

கீழே மின்சார அறையில் ஆறுச்சாமி என்கிற எலக்ட்ரீஷியன் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு இங்க ஏதாச்சும் நடக்குமுங்களா?"

"நடக்கறதென்னங்க, ஜெனரேட்டரை ஓட்டிப் பாப்பமுங்க. கரண்ட்ட நிறுத்தினா அது எடுக்குதான்னு."

"நிறுத்தினா எவ்வளவு நேரத்துல எடுக்கும்?"

"கண்ண மூடித் தெறக்கறதுக்குள்ளங்க. புதுசல்ல."

"அதுக்கப்பறம் வந்த வெள்ளிக்கிழமையெல்லாம் லிஃப்ட் ஓடுச்சுங்களா?"

"எங்கங்க? பெயின்ட் வேலைன்னு பூட்டிப் போட்டிருந்தாங்க."

மயில்சாமி அவர் கையிலிருந்த பேப்பரை மெதுவாக வாங்கி மேஜைமேல் வைத்தான். "இப்ப எனக்காக நிறுத்துங்க."

லிஃப்ட் ஏறும்போது ஆறுச்சாமி மின்சாரத்தை நிறுத்துவார், ஜெனரேட்டர் எடுக்கும். இருபத்தாறு தடவை ஒன்றும் ஆகவில்லை. "இன்னும் எத்தனைங்க?" என்று ஆறுச்சாமி கீழேயிருந்து கத்தினார். இருபத்தேழாவது தடவை கதவு திறந்தபோது மயில்சாமி தரையில் கையை வைத்தான். நாலு விரல்.

அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டான். அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

விஷயம் புரிய அரைமணி நேரம்தான் ஆயிற்று. மின்சாரம் நிற்கும்போது பிரேக் பிடிக்கும். பிடிப்பதற்குள் கேபின் நாலு விரல் வழுக்கும். அந்த நேரத்தில் புரோகிராமுக்கும் உயிர் இல்லாததால் வழுக்கியது அதற்குத் தெரியாது. பழைய கணக்கு அழிவதற்குள் ஜெனரேட்டர் எடுத்துவிட்டால், விட்ட இடத்திலேயே இருப்பதாக நினைத்து அதையே தொடரும்; அது எப்போதாவதுதான் நடக்கும். கணக்கு அழிந்துவிட்டாலோ, முழுதாக அணைத்துப் போட்டாலோ தரைத்தளத்துக்குப் போய் முதலிலிருந்து எண்ணும், எல்லாம் சரியாகிவிடும். மின்சாரம் வந்தவுடன் எப்போதும் தரைத்தளத்துக்குப் போய் எண்ணு என்று சொன்னால் போதும். இரண்டு வரி.

படியிலேயே உட்கார்ந்து எழுதினான். ஏற்றினான். மூன்று தடவை ஓட்டிப் பார்ப்பதற்குள் ஆறுச்சாமியின் வேலை நேரம் முடிந்தது. மூன்றும் சரி. டீச்சரைக் கூப்பிட்டான். எடுக்கவில்லை. புதன்கிழமை அவர் திருப்பூரில் பாடம் எடுக்கிற நாள்.

வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு கடையில் நிறுத்திப் புதுப் பேனா வாங்கினான்.

வியாழக்கிழமை பத்து மணிக்கு ஆஸ்பத்திரியின் தரைத்தளத்தில் ஒரு மேஜை போட்டிருந்தார்கள். தலைமை நர்ஸ் அமுதவல்லி நின்றுகொண்டே இருந்தார். கட்டிடக்காரர் போட்டார். மின்சாரக்காரர் போட்டார். சென்னியப்பன் போட்டுவிட்டுத் தாளை மயில்சாமியின் பக்கம் தள்ளினான்.

"வாங்க, இன்ஜினியர் சார்."

மயில்சாமி புதுப் பேனாவைத் திறந்தான். முதல் கோடு: சோதனை ஓட்டம் எத்தனை. அறுநூற்றுப் பதினாலு என்று எழுதப்போய், 'அ' எழுதியதும் பேனா நின்றது.

அறுநூற்றுப் பதினாலு தடவை ஓடியது போன வாரத்துப் புரோகிராம். அது இப்போது இந்த லிஃப்ட்டில் இல்லை. இருப்பது நேற்றுப் படியில் உட்கார்ந்து எழுதியது. கூட்டிய இரண்டு வரி மற்ற ஆயிரக்கணக்கான வரிகளை என்ன செய்யும் என்று அவனுக்கு ஏறக்குறையத் தெரியும். ஏறக்குறையத்தான்.

"என்ன மயிலு, பேர் மறந்து போச்சா?"

'அ'வை அடித்துவிட்டு '3' என்று எழுதினான்.

அமுதவல்லி குனிந்து பார்த்தார். "மூணா? அவங்கெல்லாம் நூத்துக்கணக்குல போட்டிருக்காங்களே."

மயில்சாமி சொன்னான். நாலு விரல், ஜெனரேட்டர், இரண்டு வரி, எல்லாவற்றையும். "ஒரு வாரம் குடுங்க. கரண்ட்ட நிறுத்தி நிறுத்தி ஓட்டிப் பாத்துட்டுப் போடறேன்."

"பந்தல் போட்டாச்சு" என்றார் அமுதவல்லி. "அந்தக் கட்டிடத்துல பொறந்த கொழந்த மேல தண்ணி சொட்டுது. உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியுமுங்க."

"தெரிஞ்சுமா சொல்றீங்க?"

சென்னியப்பன் அவன் காதருகே வந்தான். "ஏப்பா, ரெண்டு வரின்னுதானே சொன்ன? உன் மானம்தான் போகுதுன்னா கம்பெனி மானத்தையும் சேர்த்து வாங்கறயே. கட்டம் போட்டுக் குடுத்த என் கைய ஒடிக்கணும்."

அமுதவல்லி லிஃப்ட்டின் வாசலுக்குப் போனார். அங்கே கிடந்த ஸ்ட்ரெச்சரின் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் தன் நாலு விரலைச் சேர்த்து வைத்துப் பார்த்தார். சக்கரம் விரல்களைவிடக் கொஞ்சம்தான் பெரிதாக இருந்தது. நிமிர்ந்தபோது கோபம் முகத்திலிருந்து போகவில்லை.

"ஏழு நாள்" என்றார். "எட்டாவது நாள் நான் யாரையும் படியில சொமந்துட்டுப் போகமாட்டேன்." பந்தல்காரர்களை நிறுத்தச் சொல்ல வெளியே போனார்.

'கண்ட குறை' என்ற கோட்டில் மயில்சாமி பொடி எழுத்தில் ஓரம்வரை எழுதினான். கையெழுத்துக் கோட்டைக் காலியாக விட்டான்.

திரும்பும்போது சென்னியப்பன்தான் வண்டி ஓட்டினான். சிங்காநல்லூர் சிக்னலில் நின்றபோது திரும்பாமலே சொன்னான்:

"ஒடஞ்ச போல்ட்டக் கையில கொண்டாந்து காட்டிட்ட மயிலு. அதச் சொல்லணுமில்ல."

கம்பெனி வாசலில் வண்டி நிற்பதற்குள் மயில்சாமி குதித்து இறங்கி, இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினான்.

பிலோமினா முழுவதையும் கேட்டார். ஆறுச்சாமியின் பேப்பரை வாங்கி வைத்ததில் லேசாகச் சிரித்தார். இரண்டு வரியை இரண்டு தடவை படித்தார். காலியாக விட்ட கட்டத்தைப் பற்றிச் சொன்னபோது ஒரு நாற்காலியை அவன் பக்கம் நகர்த்தினார்.

மயில்சாமி உட்காரவில்லை.

"இப்பச் சொல்லுங்க டீச்சர். திங்கக்கெழமை கேட்டதுதான். நாம செய்யறது இன்ஜினியரிங்தானே?"

"இந்தப் புரோகிராமை வேற எங்கெல்லாம் போட்டிருக்கமுங்ண்ணா?"

"போன தீபாவளியிலிருந்து எல்லாத்துலயும் இதேதானுங்க டீச்சர். ஊருக்குள்ள மொத்தம் முப்பத்தொரு லிஃப்ட்..."

சொல்லிக்கொண்டிருந்தவன் நிறுத்தினான்.

"அதெல்லாம் இந்நேரம் எங்கெங்க நின்னுட்டிருக்குதுங்ண்ணா?" என்றார் பிலோமினா.